மேற்குச் சுவரில் மூன்று அடி

எதையும் இரண்டு தடவை அளந்து, இரண்டு தடவை எழுதி, மூன்றாவது தடவை சந்தேகப்படுவது பாஸ்கலின் வழக்கம். பகலில் மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியின் ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணி வைக்கிற வேலை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் கட்டட டிராயிங் வகுப்பு. எண்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில், வகுப்பு எடுத்த ரகுநாதன் சார், ஆளுக்கொரு பழைய கட்டடத்தை அளந்து வரைந்துகொண்டு வரச் சொன்னார். மற்றவர்கள் மாதாகோயிலையும் குளத்து மண்டபத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பாஸ்கல் யோசித்து யோசித்துக் கடைசி ஆளாக நின்றபோது, பக்கத்து பெஞ்ச் ஆனந்தன்தான் கை கொடுத்தான்.

"எங்கூர்ல ஒண்ணு கீது மச்சான். கொத்தளத்து ஊடு. எந்த ராஜா கட்னான்னு யாருக்கும் தெரியாது. நீ அளந்து சொல்லு, கேட்டுக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பூந்தமல்லி போய், அங்கிருந்து பஸ் மாறித் திருமழிசையில் இறங்கினான் பாஸ்கல். ஆனந்தன் சைக்கிளோடு காத்திருந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்து, தொழிற்பேட்டை மதில் முடிகிற இடத்தில் திரும்பி, வயல் வரப்போடு இரண்டு மைல்.

தூரத்தில் இருந்து பார்த்தால் தண்ணீர் டேங்க் மாதிரி இருந்தது. கிட்டப் போகப் போகத்தான் அதன் கனம் தெரிந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சதுரமாக எழுப்பிய கட்டடம். நாற்பதடி உயரம் இருக்கும். கீழே வாசல் என்பதே கிடையாது. ஒன்றரை ஆள் உயரத்தில்தான் கதவு. கொள்ளைக்காரர்கள் வந்த காலத்தில் ஊர்க்காரர்கள் ஏணி போட்டு அதில் ஏறி, ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம். பிற்பாடு யாரோ கருங்கல்லில் படி கட்டி, அந்தப் பயத்தைப் போக்கியிருந்தார்கள். மேலே சுவரில் அங்கங்கே கை நுழைகிற அகலத்தில் நீளநீளக் கீறல்கள். அம்பு விடவோ துப்பாக்கி நீட்டவோ வைத்தது. கீழ்ச் சுவர் முழுக்க, ஆள் கை எட்டுகிற உயரம் வரைக்கும், வறட்டி தட்டியிருந்தது.

ஆனந்தனின் அப்பா வழி அத்தைதான் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறாள். பக்கத்திலேயே ஓட்டு வீடு. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, பெரிய குரல். புல் அறுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவள், அரிவாளை இடுப்பில் செருகியபடியே பாஸ்கலை மேலும் கீழும் பார்த்தாள்.

"அளந்து இன்னா பண்ணப் போறீங்க? இடிக்கவா?"

"இல்லம்மா. பரீட்சைக்கு."

"இடிச்சாலும் தேவலாம். தே, ஆனந்தா, மேல எங்கன்னா போ. அந்தக் குழில மட்டும் எறங்காதீங்கடா."

"சேச்சே. மேல மட்டுந்தான் அத்தே," என்றான் ஆனந்தன், கொஞ்சமும் கண் இமைக்காமல்.

அவள் தலை மறைந்ததும் பாஸ்கல் கேட்டான். "எந்தக் குழிடா?"

"நீ அளக்க வேண்டிய குழிதான். அது இல்லாம உன் படம் முழுசாவுமா?"

மத்தியானம் வரை வெளிப்பக்கம் அளந்தார்கள். நான்கு பக்கமும் இருபத்துநாலு அடி, ஒரு அங்குலம் கூடக் குறையாமல். கருங்கல் படியேறிக் கதவைத் திறந்தால் முதல் அறை. கதவு நிலையில் சுவரின் தடிமன் நாலரை அடி. சாமி விளக்கு வைக்கிற ஒரு மாடம், ஒரு மரப்பெட்டி, ஒரு பெரிய பித்தளை அண்டா. பாஸ்கல் நோட்டில் ஒவ்வொன்றாக எழுதினான். அண்டாவின் கழுத்தில் பேர் வெட்டியிருந்தது. அதையும் எழுதினான்: 'அண்டா 1. கோ. பூங்காவனம்.'

ஆனந்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அண்டாவும் கோட்டைல சேத்தியாடா? எலிப் புழுக்கையும் எண்ணிக்கோ."

"அப்புறம் ஏன் எழுதலன்னு தோணும். அதுக்குத்தான்."

அறையின் நடுவில், தரையில், கனத்த பலகை ஒன்று கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அதை நகர்த்தினார்கள். கீழே இருட்டு. ஈரமும் பழைய உமியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. முற்றுகை வந்தால் ஊர் முழுக்கச் சாப்பிட நெல் கொட்டி வைக்கிற அறையாம். கதவு, ஜன்னல் எதுவும் இல்லை. இந்த ஓட்டைதான் போக வர ஒரே வழி.

ஆனந்தன் ஒரு தகரச் சிம்னி விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினான். விளக்கு தரையைத் தொட்டு, ஆடாமல் எரிந்தது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடா இது?"

"வெளக்கு அணைஞ்சா எறங்கக் கூடாது. கெட்ட காத்து. எங்க மாமா இதைப் பண்ணாம எறங்கிட்டாரு. அத்தயோட ஊட்டுக்காரரு, கோவிந்தராஜ் மாமா. அயனம்பாக்கத்துலேர்ந்து வந்து ஊட்டோட இருந்தவரு. பன்னெண்டு வருசம் ஆவுது. அடில நெல்லு மக்கிக் கெடந்தது. அள்ளப் போனவரு அங்கியே பூட்டாரு."

ஆனந்தன் மூங்கில் ஏணியை இறக்கிக்கொண்டே மேலும் சொன்னான்.

"இன்னொண்ணு. அந்திக்கு மேல குழிலேர்ந்து கொரல் வந்தா எங்க ஊட்ல யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. நம்ம பேரச் சொல்லி மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசன். குழில கீறதுக்கு யார் பேரும் தெரியாதாம்." பல்லைக் காட்டினான். "எழுதிக்கோ மச்சான், எழுதிக்கோ."

பாஸ்கல் எழுதிக்கொண்டான்.

பிரச்சினை நாலு மணிக்கு மேல்தான் ஆரம்பித்தது. குழிக்குள் தெற்கு வடக்காக அளந்தால் பதினைந்து அடி. இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து ஒன்பது. ஆக இருபத்துநாலு, சரி. கிழக்கு மேற்காக அளந்தால் பன்னிரண்டு அடி. ஒன்பதைக் கூட்டினால் இருபத்தொன்று. மூன்று அடியைக் காணோம்.

மறுபடி அளந்தான். இடம் மாற்றி அளந்தான். ஆனந்தனை ஒரு முனை பிடிக்கச் சொல்லி அளந்தான். மூன்று அடி வரவே இல்லை.

"நான்தான் எங்கியோ தப்பு பண்றேன்."

"நீ தப்பு பண்ணல. ஒன் துணி நாடா இழுத்துக்கினு கீது."

"இழுத்துக்கினா தெற்கு வடக்கும்தான தப்பா வரணும்?"

"சரி, இரு. திருமழிசைல மேஸ்திரி கிட்ட இரும்பு டேப் கீது. அர மணில வாங்கிக்கினு வரேன். நீ இங்கியே எழுதிக்கினு இரு."

ஆனந்தன் ஏணியில் ஏறிப் போனான். மேலே அவன் காலடிச் சத்தம், கல் படிகள், பிறகு சைக்கிள் மணி ஒரு தடவை. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் அரை மணி பாஸ்கலுக்குப் பயமாக இல்லை. மேல் ஓட்டையிலிருந்து சதுரமாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மேற்கு மூலையில் குந்தி உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நோட்டில் கணக்கை முதலிலிருந்து போட்டான். முக்கால் மணி ஆயிற்று. வெளிச்சச் சதுரம் சாம்பல் நிறமாகி, பிறகு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போயிற்று. மேலே ஏறி உட்காரலாமா என்று நினைத்தான். இன்னும் ஒரு தடவை அளந்துவிட்டுப் போகலாம் என்று பட்டது. அதைத்தான் பிற்பாடு பல நாள் நினைத்து நினைத்து நொந்துகொண்டான்.

மேலே காலடி கேட்டது. ஆனந்தன் வந்துவிட்டான் என்று நினைத்து, எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று, வாயைத் திறக்காமல் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். வளையல் சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசும் சத்தம். மாடத்தில் விளக்கு வைக்கிறார்கள்.

"எறங்காதீங்கன்னா எறங்கிக்கீறானுங்க பாரு. போறவனுங்க மூடிட்டாவது போனானுங்களா!"

அத்தையின் குரல். சைக்கிள் இல்லாததைப் பார்த்துவிட்டு, இருவரும் போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஏணி அசைந்தது. அடிக்கால் தரையை விட்டுத் தூக்கியது.

பாஸ்கல் எழுந்தான். "அம்மா!"

ஏணி அந்தரத்தில் நின்றது.

ஓட்டையில் ஏணியைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். குழி வாயை மூடுகிறபோது உள்ளே பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"அம்மா, நான் உள்ள கீறேம்மா!"

ஏணி விருட்டென்று மேலே போயிற்று. முன்னைவிட வேகமாக. அவன் ஓடி வந்து எட்டிக் குதித்தான். கடைசிப் படி விரல் நுனியில் பட்டு வழுக்கிப் போனது. அடுத்த நொடி பலகை தரையில் உரசிக்கொண்டு வந்து பொருந்தியது. மேலே தடதடவென்று ஓடுகிற காலடி. கதவு. நாதாங்கி.

பிறகு அவன் மூச்சுதான் கேட்டது.

அவன் கத்தினான். எவ்வளவு நேரம் கத்தினான் என்று தெரியாது. அவன் குரல் சுவரில் பட்டு வேறு ஒருவன் குரல் மாதிரித் திரும்பி வந்தது. அதைக் கேட்கக் கேட்க இன்னும் பயமாகி, நிறுத்திக்கொண்டான். நாலரை அடிச் சுவர். யாருக்குக் கேட்கும்?

ஆனந்தன் வருவான். ஆனந்தன் வராமல் எங்கே போவான்? ஆனால் அரை மணி என்றவன் ஒன்றரை மணி ஆகியும் வரவில்லை. வழியில் ஏதாவது ஆகியிருந்தால்? தான் இங்கே இருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அம்மாவிடம் 'பிரண்டு ஊருக்கு' என்று மட்டும் சொல்லியிருந்தான். எந்த ஊர் என்று அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் விளக்கைப் பார்த்தான். சுடர் சிறுத்திருந்தது.

விளக்கு அணைஞ்சா கெட்ட காத்து. எண்ணெய் தீர்கிறதா, காற்று தீர்கிறதா? எடுத்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். தகர விளக்கு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஆட்டினால் அணைந்துவிடும். தீப்பெட்டி ஆனந்தனின் சட்டைப் பையில். கையை விளக்கின் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டான்.

தலை வலிக்கிற மாதிரி இருந்தது. நிஜமாகவே வலிக்கிறதா, வலிக்கும் என்று நினைப்பதால் வலிக்கிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. மூச்சை எண்ணினான். நிமிஷத்துக்கு முப்பது. சாதாரணமாக எவ்வளவு? அதை ஒரு நாளும் எண்ணி வைத்ததில்லையே என்று வந்தது. உமி மக்கிய வாடை முன்னைவிட அதிகமாக அடித்தது. எந்த இடத்தில் கிடந்திருப்பார் அந்த மாமா? இந்த மூலையிலா? ஓட்டைக்கு நேர் கீழேயா? ஓட்டைக்கு நேர் கீழேதான் இருக்கும். யாராக இருந்தாலும் அங்கேதான் நின்று கத்துவார்கள். அவன் அந்த இடத்தை விட்டு மெதுவாக நகர்ந்தான்.

"அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்துப் பாதியில் வரி மறந்து போயிற்று. பிறந்ததிலிருந்து சொல்கிற ஜெபம்.

கால் மடங்கி, மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விளக்கையும் கூடவே இழுத்து வைத்துக்கொண்டான். சுடர் சாய்ந்தது.

அவன் மூச்சு பட்டிருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதும் சாய்ந்தே இருந்தது. அறையின் பக்கமாக, சுவரிலிருந்து விலகி. விளக்கை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, வடக்குச் சுவருக்குக் கொண்டுபோனான். சுடர் நேராக நின்றது. தெற்கு. நேராக நின்றது. திரும்ப மேற்கு. இடுப்பு உயரத்தில், சுவரின் நடுவில், யாரோ ஊதுகிற மாதிரிச் சாய்ந்தது.

ஊதுகிற மாதிரி என்று நினைத்ததும் அவன் விளக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

மூன்று அடி.

அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்கு நடுவில் ஒரு சின்ன இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அவன் தப்பு பண்ணவில்லை. நாடா இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று அடி இந்தச் சுவருக்குள் இருக்கிறது.

பூச்சை நகத்தால் சுரண்டினான். மற்ற இடத்தில் சுண்ணாம்பு, நகம்தான் உடையும். இங்கே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எலி வரக் கூடாதென்று யாரோ பிற்காலத்தில் மண் வைத்து அடைத்த செங்கல். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தான். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பித்தளைக் குண்டு, அடியில் கூர்முனை. அதன் முனையைச் செங்கல் இடுக்கில் விட்டு நெம்பினான். ஒன்று அசைந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது தரையில் விழுந்த சத்தத்தில் சுடர் ஒரு தடவை துடித்து, அணைந்தது.

கும்மிருட்டு.

பாஸ்கல் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான். கத்தக்கூட வரவில்லை. விளக்கு அணைந்துவிட்டது. இனி எவ்வளவு நேரம்? ஆனால் செங்கல் போன ஓட்டையிலிருந்து, இருட்டில், குளிர்ந்த காற்று அவன் மணிக்கட்டில் பட்டது. சாணி வாடையோடு.

அதற்கப்புறம் அவன் யோசிக்கவில்லை. தடவித் தடவி அடுத்த செங்கல். அடுத்தது. விரல்களில் ரத்தம் பிசுபிசுத்தது. ஆள் குனிந்து நுழைகிற அளவு ஆனதும் உள்ளே தலையை விட்டான், தோளை விட்டான். சுவருக்குள் ஒரு மாடம், ஒரு காவல்காரன் மண்டியிட்டு உட்காரும் அளவு. எதிரே, மெலிந்த சுவரில், கை நுழைகிற அகலத்தில் கீறல். அதன் வழியாக வானம் தெரியவில்லை. ஏதோ கெட்டியாக, வட்டமாக, வெளியிலிருந்து அதை மூடியிருந்தது. விரலால் தொட்டான். சொரசொரப்பு. வைக்கோல்.

வறட்டி. காலையில் வெளிப்பக்கம் அளந்தபோது இதன் மேல்தான் நாடாவை வைத்திருந்தான்.

ஓங்கிக் குத்தினான். வறட்டி பெயர்ந்து வெளியே விழுந்தது. சாயங்காலம் அப்படியே உள்ளே வந்தது. அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. கீறல் வழியே ஒரு கோடு மட்டும் உலகம்: வைக்கோல் போர், பசுவின் பின்னங்கால், அதன் முன்னால் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்த அத்தையின் பச்சைப் புடவை.

அவள் கை நின்றது. விழுந்த வறட்டியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அம்மா!" என்றான் பாஸ்கல்.

அவள் கையிலிருந்த புல் கீழே விழுந்தது.

"பெரியம்மா! நான்தான், ஆனந்தனோட பிரண்டு. காலைல வந்தேனே."

அவள் இரண்டடி பின்னால் போனாள். இரண்டு கையும் காதைப் பொத்தின. உதடு அசைந்தது. அழுகிறாளா, சாமி பேரைச் சொல்கிறாளா, தெரியவில்லை. இன்னும் இரண்டடி. கீறலின் கோட்டை விட்டு அவள் வெளியே போகப் போகிறாள். போனால் ஊரைக் கூட்டி வருவாளோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்காருவாளோ?

பேரச் சொல்லி மூணு தபா.

வயசான பொம்பளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? அவன் வீட்டில் அப்பா பேரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் எழுதுவதோடு சரி. அவளுடைய பேர்தானா அது? அண்டாவில் வெட்டியிருந்தது அவள் அம்மா பேராக இருந்தால்? நோட்டைப் பார்க்கலாம் என்றால் வெளிச்சம் இல்லை. பூங்காவனம் என்றுதான் எழுதினானா? 'அம்மா' சேர்த்துச் சொன்னால் கணக்கில் வருமா?

புடவைத் தலைப்பு கோட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"பூங்காவனம்," என்றான். அவனுக்கே கேட்காத குரல்.

தலைப்பு நின்றது.

"பூங்காவனம்!"

பசு தலையைத் திருப்பிப் பார்த்தது. அவன் கீறலில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"பூங்காவனம்!"

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கொஞ்சம் தள்ளியிருந்து, சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"இன்னா?"

பாஸ்கல் வாய்விட்டு அழுதுவிட்டான்.

பலகை விலகியபோது ஓட்டையில் முதலில் தெரிந்தது அவள் முகம். இந்தத் தடவை நேராகக் குழிக்குள் பார்த்தாள். மாடத்து விளக்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். "வா. மெதுவா. ரெண்டாம் படி ஆடும், பாத்து வெச்சு ஏறு." அவன் மேலே வந்து தரையில் விழுந்ததும் தோளில் ஓங்கி இரண்டு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளையே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கல் படியில் காலடி. ஆனந்தன் மூச்சு வாங்க வந்து நின்றான், கையில் இரும்பு டேப். "டயர் வெடிச்சிக்கிச்சு அத்தே. தள்ளிக்கினே வந்தேன். மேஸ்திரியும் ஊட்ல இல்ல, காத்துக்கினு..." பாஸ்கலின் விரல்களைப் பார்த்தான். திறந்த குழியைப் பார்த்தான். மீதியைச் சொல்லவில்லை.

"பேசாத," என்றாள் அத்தை. "எங்கியாவது போய் ஒக்காரு. என் கண் முன்னாடி நிக்காத."

ஆனந்தன் போகவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஏணியில் இறங்கி, பாஸ்கலின் பையையும் நோட்டையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்தான். விளக்கைக் காதருகில் வைத்து ஆட்டினான்.

"எண்ணெ தீந்துபோச்சு மச்சான். அதான் அணைஞ்சிருக்கு. காத்து நல்லாத்தான் கீது."

பாஸ்கலுக்கு வெட்கமாக இருந்தது. காற்று நல்லாத்தான் இருந்ததா? அவன் செங்கல்லை எடுத்ததால் நல்லா ஆயிற்றா? எப்படி எழுதுவது இதை?

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றான். "பேர் சொல்லிக் கூப்ட்டுட்டேன்."

"எம் பேரு உனக்கு யாரு சொன்னா?"

அவன் அண்டாவைக் காட்டினான்.

அவள் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து அண்டா பக்கம் வந்தாள். கழுத்தில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள்.

"கண்ணாலம் ஆன வருசம் பூந்தமல்லிலேர்ந்து தலைல தூக்கிக்கினு வந்தாரு. கடைலயே பேரு வெட்டிக்கினு. இன்னா எழுதிக்கீதுன்னேன். படிச்சிக்கோன்னாரு. எனக்கு எங்க படிப்பு?" அவள் சிரித்த மாதிரி இருந்தது. "ஒரு நாளும் எம் பேரச் சொன்னவரு இல்ல. இந்தா, இந்தாம்மேன்னுதான்."

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கும் அந்திதான். இங்கதான் நின்னுக்கினு கீறேன். அவரு கழனில கீறாருன்னு நெனப்பு. அடியிலேர்ந்து வருது. இந்தா. இந்தான்னு. ரெண்டு தபா." குழியைக் காட்டினாள். "சின்ன வயசுலேர்ந்து சொல்லி வளத்தது. பேரு வரட்டும்னு நின்னேன்."

விளக்கு குழி ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது. வெளியே பசு கத்தியது, புல் பாதியில் நின்றதற்காக.

"வெளியூர் மனுசன். இந்த ஊட்டு வழக்கம் அவருக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல."

பாஸ்கலின் நோட்டு உமியும் மண்ணுமாக மடியில் கிடந்தது.

"இதுல எம் பேருதான் கீதா?" என்றாள் அவள், அண்டாவை விட்டுக் கையை எடுக்காமல். "படி."

"கோ. பூங்காவனம்."

"அந்தக் கோ இன்னாது?"

"அவர் பேர்ல முதல் எழுத்தும்மா."

அவள் விரல் அந்த எழுத்தில் போய் நின்றது. "இன்னொரு தபா படி."

"கோ. பூங்காவனம்."

"இன்னொரு தபா."

அவன் ஆனந்தனைப் பார்த்தான். ஆனந்தன் வேண்டாம் என்று தலையாட்டினான். ஆனாலும் பாஸ்கல் படித்தான், மெதுவாக, எழுத்துத் தப்பாமல்.

அவள் திறந்திருந்த குழியின் பக்கம் திரும்பி, "இன்னா?" என்றாள்.

மூன்று பேரும் அசையவில்லை. கீழே, மேற்குச் சுவர் ஓட்டை வழியாக வந்த காற்று உமியை லேசாகப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஆனந்தன் பலகையை இழுத்து மூடப் போனான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள்.